குளிரில் ஸ்ராட் ஆகாத பழைய கார்: பாகங்களை மாற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ரொறன்ரோவின் சில விடியற்காலைகள் மைனஸ் 20 பாகைக்கும் கீழே போய்விடுகின்றன. அந்த நாட்களில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்துத் தொடர்மாடிகளின் திறந்தவெளித் தரிப்பிடங்களில் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்களில் எம்மவர்களும் இருப்பார்கள். புதிதாக வந்தவர்கள், அகதிக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள், இரண்டு வேலை செய்து குடும்பம் பார்ப்பவர்கள் என்று பலருக்கும் கைக்கு எட்டுவது 15, 20 வருடப் பழைய கொரொல்லாவோ சிவிக்கோதான். விடிய ஐந்து மணி ஷிஃப்ற்றுக்கு அது ஸ்ராட் ஆகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஏஜென்சி மூலம் வேலை செய்பவருக்கு அடுத்த நாள் அழைப்பும் வராமல் போகலாம்.

அதைவிடப் பெரிய செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. "பற்றரி போட்டுது, மாத்துங்கோ" என்பார் ஒருவர். "பிளக்கை மாத்தினால் சரி" என்பார் இன்னொருவர். "பெற்றோல் பம்ப்தான்" என்பார் மூன்றாமவர். மூன்றையும் மாற்றிய பிறகும் அடுத்த குளிரில் கார் அப்படியே நிற்கும். கணக்கு வேலை செய்யும் எங்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி. பரீட்சை மீதி பொருந்தவில்லை என்றால் பேரேட்டில் உள்ள எல்லா எண்களையும் நாங்கள் மாற்றுவதில்லை. வித்தியாசம் எந்தப் பக்கத்தில், எந்த நாளில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவோம். காரையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடம்

குளிர்ந்த எஞ்சின் ஏன் அடம்பிடிக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின், மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆனால் மண்ணெண்ணெயில் அவை நேரடியாக ஸ்ராட் ஆகவில்லை. சிறிய போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். காரணம் ஒன்றுதான்: எரிவது திரவம் அல்ல, ஆவி. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது.

இங்கே மைனஸ் 20இல் பெற்றோலுக்கும் அதே நிலைதான். உள்ளே போவதில் சிறு பங்குதான் ஆவியாகும். அதனால் வழமையைவிடக் கூடுதலான பெற்றோலை விடவேண்டும். காபரேற்றர் காரில் அந்த வேலையைச் 'சோக்' செய்தது. இன்ஜெக்ஷன் காரில் கம்பியூட்டர் செய்கிறது. எஞ்சின் எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதைக் கூலன்ற் வெப்பநிலைச் சென்சரிடம் கேட்டு, அதற்கு ஏற்றபடி இன்ஜெக்டர்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. 1980களின் கார்கள் சிலவற்றில் குளிருக்கென்றே தனியான ஓர் இன்ஜெக்டரும் இருந்தது.

ஆகவே குளிரில் கார் ஸ்ராட் ஆவதற்கு ஐந்து விடயங்கள் தேவை: எஞ்சினைச் சுற்ற மின்சாரம், போதிய பெற்றோல், பொறி, காற்று, சரியான வெப்பநிலைத் தகவல். இவற்றில் எது குறைகிறது என்பதுதான் கேள்வி. ஊர்ப் பழக்கத்தில் இன்ஜெக்ஷன் காரின் காற்றுக்குழாய்க்குள் பெற்றோலை ஊற்றிப் பார்க்கவேண்டாம். எஞ்சின் எதிர்த்து வெடித்தால் முகத்தில் தீப்பிடிக்கும்.

திறப்பைத் திருப்பிக் காது கொடுங்கள்

முதற் சோதனைக்குச் செலவில்லை. திறப்பைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றுகிறதா, அல்லது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? அது மின்சாரப் பக்கத்துப் பிரச்சினை. வழமையான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லையா? பெற்றோல், பொறி, தகவல் ஆகியவற்றில் ஒன்று. பிடித்துவிட்டு உடனே நிற்கிறதா? பெரும்பாலும் காற்று. இந்த மூன்றையும் பிரித்து அறிந்தாலே வீண் செலவில் பெரும்பகுதி மிஞ்சிவிடும்.

மெதுவாகச் சுற்றினால்

மைனஸ் 18 பாகையில் பற்றரியின் பலம் ஏறத்தாழ 60 வீதம் குறைந்துவிடும். அதே நேரம் ஒயில் தடித்து, எஞ்சினைச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. பற்றரியின் மேல் எழுதியிருக்கும் சி.சி.ஏ என்ற எண், மைனஸ் 18 பாகையில் 30 விநாடிகளுக்கு அது கொடுக்கக்கூடிய அம்பியரைச் சொல்வது. கனடாவில் பற்றரி வாங்கும்போது விலைக்கு முன் பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஒரு மலிவான மல்ரிமீற்றர் போதும். இரவு முழுவதும் நின்ற காரில் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் முழுமையாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.7க்கும் இடையில் காட்டாவிட்டால் ஒல்ரனேற்றரைப் பார்க்கவேண்டும். பற்றரியை மாற்றி அங்கே பயனில்லை. பற்றரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள். எஞ்சினுடன் இணையும் எர்த் வயரையும் பாருங்கள். உப்புத் தூவும் இந்த வீதிகளில் பழைய காரின் வயர்கள் எளிதில் அரிக்கும்.

ஒயில் 5டபிள்யூ-30 போன்றதா, காரின் கைநூல் சொல்வதுதானா என்றும் பாருங்கள். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய ஒயில் குளிரில் இலகுவாக ஓடும்.

ஒரு எச்சரிக்கை: வெறுமையான பற்றரி மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடும். பற்றரியின் பக்கங்கள் வீங்கியிருந்தால் 'பூஸ்ற்' கொடுக்கவேண்டாம், வெடிக்கலாம்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

இங்கே இரண்டு இலவசச் சோதனைகள் உண்டு. முதலாவது, திறப்பை 'ஓன்' நிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி வைத்து அணையுங்கள். பின் ஆசனப் பக்கம் பெற்றோல் பம்பின் மெல்லிய இரைச்சல் கேட்கவேண்டும். இதை மூன்று தடவை செய்துவிட்டு ஸ்ராட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெற்றோல் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்பின் தடுப்பு வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ, அழுத்தக் கட்டுப்படுத்தியோ காரணமாகலாம். பம்பின் இரைச்சலே இல்லையென்றால் பம்பை வாங்குமுன் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

இரண்டாவது, பெற்றோல் மணம் பலமாக வீசினால் எஞ்சினில் பெற்றோல் கூடிவிட்டது. அக்சிலரேற்றரை அடிவரை மிதித்தபடி ஸ்ராட் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அப்போது பெற்றோல் நிறுத்தப்பட்டு, காற்று மட்டும் போய் உள்ளே உலரும். ஒரு தடவையில் பத்து விநாடிக்கு மேல் ஸ்ராட்டரை இயக்கவேண்டாம். இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இது அடிக்கடி நடந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நனைந்தோ இடைவெளி கூடியோ தேய்ந்தோ இருந்தால் குளிரில் பொறி போதாது.

இனி, பலரும் தவறவிடும் கூலன்ற் சென்சர். 1998ஆம் ஆண்டு மொடலில் இருந்து கனடாவில் விற்கப்பட்ட கார்களில் ஓ.பி.டி-2 எனும் இணைப்பு ஸ்ரியறிங்கின் கீழே இருக்கிறது. அதில் மாட்டும் சிறு ரீடரை வாங்கி, இரவு முழுவதும் நின்ற காரில் ஸ்ராட் செய்யுமுன் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ற் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை. எஞ்சின் ஆறிய காரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவும், வெளிக்குளிருக்கு அண்மையிலும் இருக்கவேண்டும். வெளியே மைனஸ் 18 இருக்க, கூலன்ற் 25 என்று காட்டினால், கம்பியூட்டர் எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பிப் பெற்றோலைக் குறைக்கிறது. பொய்யான பதிவில் இருந்து சரியான ஐந்தொகை வராது. சென்சர் முற்றாக அறுந்தால் மைனஸ் 40 என்று காட்டி, 'செக் எஞ்சின்' லாம்பும் எரியும். அரைகுறையாகப் பிசகினால் லாம்பு எரியாமலும் இருக்கலாம். அதனால்தான் எண்களை நாமே ஒப்பிடவேண்டும்.

லாம்பு எரிந்தாலும் இப்போது பலர் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவின் 'டிரைவ் கிளீன்' புகைச் சோதனை 2019 ஏப்ரலில் கார்களுக்கு நிறுத்தப்பட்டதோடு அந்தக் கட்டாயமும் போய்விட்டது. கோடையிலேயே அந்தக் குறியீட்டை வாசித்து வையுங்கள்.

பிடித்துவிட்டு நின்றால்

அக்சிலரேற்றரைச் சற்று மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றால், எஞ்சின் வெறுமையாக ஓடும்போது காற்றை விடும் 'ஐடில்' வால்வும் திரொட்டில் வாயும் கரி படிந்து அடைத்திருக்கலாம். அதற்குரிய கிளீனரால் துடைத்தாலே பல தடவைகளில் சரியாகும். வெடித்த ரப்பர்க் குழாய் வழியே காற்றுக் கசிவதும் இதே குணத்தைக் காட்டும். இரண்டு விநாடியில் நின்று, டாஷ்போர்ட்டில் திறப்புப் படம் மின்னினால் அது திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர். மற்றத் திறப்பால் முயன்று பாருங்கள்.

எழுதி வைத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்

குளிரில் வரும் பிழை சூடான கராஜுக்குள் ஒளிந்துகொள்ளும். மெக்கானிக் திறப்பைத் திருப்பியதும் கார் பிடித்துவிடும். பிறகு ஊகம்தான். ஆகவே ஒரு கொப்பியில் திகதி, வெளிக்குளிர், எத்தனை மணித்தியாலம் நின்றது, தாங்கியில் எவ்வளவு பெற்றோல், பற்றரி வோல்ற், மேலே சொன்ன எந்தச் சோதனைக்குக் கார் பிடித்தது என்பவற்றை எழுதி வையுங்கள். முடிந்தால் காரை முதல் நாள் மாலையே விட்டு, விடிய வெளியில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதிப் பில் அந்தத் தொகையைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களை முன்கூட்டியே கேட்டுத் திரும்பப் பெறலாம். போட்ட புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. மொழி தயக்கமாக இருந்தால் பிள்ளைகளையோ நண்பர்களையோ கூட்டிக்கொண்டு போங்கள். கராஜ் எம்மவருடையது என்பதற்காக எழுத்தில் கேட்க வெட்கப்படவேண்டாம். கணக்கு நேராக இருந்தால் உறவும் நீடிக்கும்.

இந்த வாரம் குளிர் இறங்குமுன் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பற்றரியை அளந்து பாருங்கள், முனைகளைச் சுரண்டுங்கள், தாங்கியில் பெற்றோல் பாதிக்குக் குறையாமல் வைத்திருங்கள், கொப்பி ஒன்றைக் காருக்குள் போட்டு வையுங்கள். காரைச் சூடாக்கவென்று மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவேண்டாம். அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.