கடைக் காசில் வாங்கிய தோட்டம்

இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாளைப் பற்றி யார் எழுதினாலும் வயதில்தான் தொடங்குகிறார்கள். 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது 105 என்று போட்டார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று அவர் காலமானபோது ஒரு பத்திரிகையில் 108, இன்னொன்றில் 109. அந்தக் காலத்துக் கிராமத்தில் பெண் குழந்தை பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? ஒன்றிரண்டு வருஷம் கூடக்குறைய இருந்துவிட்டுப் போகட்டும். அவர் வாழ்க்கையில் என்னை நிறுத்தி வைப்பது வேறொரு கணக்கு.

ரங்கம்மாள் என்பது அவருடைய இன்னொரு பெயர். சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அவரையும் சகோதரிகளையும் தேக்கம்பட்டிக்குக் கூட்டி வந்து வளர்த்தவர் அப்பாவைப் பெற்ற பாட்டி. அந்தப் பாட்டிக்கு ஊரில் ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. பாட்டிக்குப் பிறகு கடை பேத்தியின் கைக்கு வந்தது. நாடு முழுக்கக் கொண்டாடிய பாட்டியை ஆளாக்கிய அந்தப் பாட்டியின் பெயர் நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. கடையை நடத்தத் தெரிந்த ஒரு கிழவி அன்றைக்கு அந்த வீட்டில் இல்லாமல் போயிருந்தால், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

கிராமத்து மளிகைக் கடை லேசான தொழில் இல்லை. உப்பும் பருப்பும் படியில் அளந்து போட வேண்டும். கூலி வந்தால் தருகிறேன் என்று வாங்கிப் போகிறவர்களின் கணக்கு மனதில் நிற்க வேண்டும். கேட்கவும் வேண்டும், மனம் நோகாமல் கேட்கவும் வேண்டும். அணா போய் நயா பைசா வந்தது 1957-இல். பாப்பம்மாளின் கல்லா இரண்டையும் பார்த்திருக்கும். கடையோடு சாப்பாட்டுக் கடையும் போட்டார். ஐம்பது வயதை ஒட்டி, அந்தச் சேமிப்பில் ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பூர்வீகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 1989-இல். அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால், பருப்பும் சோறும் விற்ற காசில் ஒரு பெண் நிலம் வாங்கியிருக்கிறார். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள், பட்டாவில் பெயர் ஆண்களுக்கு என்று இருந்த காலம் அது. இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

தேக்கம்பட்டி மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊர். மேற்கே நீலகிரி மலை, பக்கத்தில் பவானி ஆறு, வனபத்ரகாளியம்மன் கோவில். வாழைக்கு ஏற்ற பூமி. ஆனால் வாழைக்காரனுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. தாய்மரத்தின் சத்தை இழுக்கும் பக்கக்கன்றுகளை அவ்வப்போது அறுத்துவிட வேண்டும். தார் இறங்கியதும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆடிக் காற்று ஒரு ராத்திரி வேகமாக அடித்தால் வருஷ உழைப்பு தரையில் கிடக்கும். காற்றுக்குத் தப்பினால் காட்டுப்பன்றி, அதற்கும் தப்பினால் யானை. இந்த வேலையைத்தான் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் விடவில்லை. பிற்காலத்தில் இரண்டரை ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு, ரசாயனம் போடாமல், வாழையும் காய்கறியும் பயறும் விளைவித்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக் கூட்டங்களுக்குப் போய் வந்தார்.

டீ, காபி பழக்கமில்லை, வெந்நீர்தான். பிடித்த சாப்பாடு ஆட்டுக்கறி பிரியாணி. பேட்டி எடுக்கப் போனவர்கள் நீண்ட ஆயுளின் ரகசியத்தை இதில் தேடினார்கள்.

1959-இல் தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர் ஆனவர் அவர். காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு இடம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு தமிழ்நாட்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது 1996-இல்தான். தி.மு.க.வில் நெடுங்கால உறுப்பினர்; அந்தக் கட்சி 2024-இல் அவருக்குப் பெரியார் விருது கொடுத்தது. 2021 பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் மோடி அவரைக் கும்பிட்டு நின்ற படமும் எல்லோரும் பார்த்ததுதான். ஊர்க் காரியத்துக்கு ஒரு பெண் முன்னால் வந்து நிற்க, கடை வாசலில் தினமும் நாலு பேரிடம் பேசிப் பழகியது எவ்வளவு கை கொடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊரில் ஒவ்வொரு அடுப்பும் எரியும் நிலவரம் மளிகைக் கடைக்காரிக்குத் தெரியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ தன் கைக்காசில் வாங்கிய நிலம் ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள்: எந்த வருஷம், எத்தனை சென்ட், அந்தப் பணம் மாடு விற்றதா, கடை வைத்ததா, சீட்டுப் போட்டதா, இப்போது அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று. அவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.