குளிர்காலத்திற்கு ஏற்ற இன்மணத் திரவியங்கள்: ஏஞ்சல், லா வி எ பெல் ஒப்பீடு

குர்மாண்ட் என்பது வனிலா, சாக்லேட், கேரமல் முதலிய தின்பண்டங்களின் மணத்தை முதன்மையாகக் கொண்ட வாசனைத் திரவிய வகையாகும். பிரெஞ்சு மொழியில் இச்சொல் உணவை விரும்பி உண்பவரைக் குறிக்கும். இவ்வகையைச் சேர்ந்த ஏஞ்சல், லா வி எ பெல் ஆகிய இரண்டில் ஒன்றைக் குளிர்காலத்திற்குத் தேர்வு செய்வது எப்படி என்பதை இங்குக் காணலாம்.

குளிரும் மணமும்

மணப்பொருள் ஆவியாகி மூக்கை அடைந்தால்தான் மணம் தெரியும். குளிரில் ஆவியாதல் குறைகிறது. ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீனின் கொதிநிலை ஏறத்தாழ 176 பாகை செல்சியசு. அது விரைவில் மறையும். வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினின் கொதிநிலை ஏறத்தாழ 285 பாகை. எனவே அது மெல்ல ஆவியாகி நெடுநேரம் நிற்கும். கோடையில் திகட்டும் இனிய மணம் குளிரில் அடங்கி இதமாகத் தோன்றுவது இதனாலேயே.

இரண்டின் இயல்புகள்

ஏஞ்சல், 1992-இல் தியரி முக்ளேர் நிறுவனம் வெளியிட்டது. இதை உருவாக்கியவர் ஒலிவியே கிரெஸ்ப். நவீன குர்மாண்ட் வகையின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. பஞ்சுமிட்டாய் போல் மணக்கும் எத்தில் மால்ட்டால் என்ற சேர்மத்தோடு, மண்வாசனை கொண்ட பச்சோலி எண்ணெயும் இதில் மிகுதி. பச்சோலி என்ற பெயருக்குத் தமிழே மூலம் என அகராதிகள் குறிப்பிடுகின்றன.

லா வி எ பெல், 2012-இல் லாங்கோம் நிறுவனம் வெளியிட்டது. இதிலும் வனிலாவும் பச்சோலியும் உண்டு. ஆனால் ஐரிசு, மல்லிகை, ஆரஞ்சுப்பூ ஆகியவை சேர்வதால் இனிப்பு மலர்மணத்தோடு கலந்து வருகிறது.

தேர்வு செய்யும் முறை

காகிதப் பட்டையில் முகர்வது போதாது. அதில் தெளித்தவுடன் முகர்ந்தால் முதலில் எழும் மணமே தெரியும். ஒரு மணிக்கட்டில் ஒன்றாகப் பூசிக்கொண்டு வெளியே குளிரில் சிறிது நேரம் நடக்க வேண்டும். பின் வெப்பமூட்டிய அறைக்குள் வந்து முகர வேண்டும். வெளியில் மென்மையாக இருந்த மணம் அறையில் சட்டென விரியும். மூன்று, நான்கு மணி நேரம் கழித்தும் பிடித்திருப்பதே உங்களுக்கு உரியது.

பெரும்பாலும் திறந்தவெளியில் இருப்பவருக்கு ஏஞ்சலின் மண்வாசனை எடுப்பாக அமையும். வகுப்பறை, தொடர்வண்டி, அலுவலகம் எனப் பிறரோடு மூடிய இடத்தில் இருப்பவருக்கு லா வி எ பெல் பொருந்தலாம். இரண்டுமே வலிமையானவை, ஒரு முறை தெளித்தாலே போதும். கடுமையான மணம் ஒற்றைத் தலைவலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்குத் துன்பம் தரக்கூடும். தோலில் பூசியதைச் சோப்பால் கழுவிக் குறைக்கலாம். கம்பளித் துணியில் பட்டது நாள்கணக்கில் நிற்கும்.