இருக்கைக்கு உரியவர்

நுழையும்முன்

ஊரவை ஒன்றில் ஓர் இருக்கை காலியாகிறது. அதில் அமரத் தக்கவரை எவ்வாறு கண்டறிவது? அவரை வினவும் உரிமை யாருக்கு உண்டு? எவற்றை வினவ வேண்டும்? சோழர் காலத்து உத்திரமேரூரிலும் அமெரிக்க நகரங்களிலும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் வேறுவேறானவை. அவற்றை வில்லியனூர் மண்ணில் நின்று நோக்குகிறது இவ்வுரைநடை.

கீழூரில் ஒரு நாள்

புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனுக்கு உட்பட்ட சிற்றூர் கீழூர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அங்கே 178 பேர் கூடினர். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைய வேண்டுமா என்பதை முடிவுசெய்யவே அவர்கள் வந்திருந்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அடுத்த மாதம் முதல் நாளிலேயே ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசின் கைக்கு வந்தது. சட்டப்படியான முழுமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

வாக்களித்த அந்த 178 பேர் யாவர்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமே. பொதுமக்கள் அன்று நேரடியாக வாக்களிக்கவில்லை. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பேற்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், ஒரு நிலப்பகுதி எந்நாட்டுக்கு உரியது என்பதை முடிவுசெய்யும் நிலை அன்று ஏற்பட்டது. ஊர்மன்ற இருக்கையைச் சிறிதென்று எண்ணுவோர் கீழூரை நினைவிற்கொள்வது நன்று.

அந்த இருக்கைகளின் வரலாறு 1880 மார்ச் 12ஆம் நாளைய பிரெஞ்சு ஆணையிலிருந்து தொடங்குகிறது. அவ்வாணையால் அமைந்த கொம்யூன்களுள் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். தேர்தல் நடந்தது, மேயரும் இருந்தார். ஆயினும் வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இடம்பெறவில்லை. ஐரோப்பியருக்கென ஒரு பட்டியலும் இந்தியருக்கென வேறு பட்டியலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. வாக்கு இருந்தபோதும் வாக்குகளுக்கிடையே சமநிலை இருக்கவில்லை.

குடத்துக்குள் செல்லுமுன்

இருக்கைக்குத் தக்கவரைத் தெரிவுசெய்யும் முறை குறித்துத் தமிழகத்தில் கிடைக்கும் விரிவான சான்று உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவர்களில் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை செய்த ஏற்பாடுகளை அக்கல்வெட்டுகள் கூறுகின்றன.

குடவோலை என்றதும் குடமும் ஓலையும் அவற்றை எடுக்கும் சிறுவனுமே பலர் நினைவுக்கு வருகின்றனர். உண்மையில் அம்முறையின் உயிர்நாடி அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. எவருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாம் என்பதே அக்கட்டம். இன்றைய சொல்லில் கூறுவதாயின், அதுவே வேட்பாளர் நேர்காணல்.

921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைசெலுத்தும் நிலம் உடையவராகவும் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் ஒருவர் இருத்தல் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் அமைய வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிகுந்தவருக்கு நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. செயல்திறன், நேர்வழியில் ஈட்டிய பொருள், தூய உள்ளம் ஆகியனவும் எதிர்பார்க்கப்பட்டன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது.

தகுதிகளைக் காட்டிலும் தகுதியின்மைகளே கூர்ந்து நோக்கத்தக்கன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவர் மட்டுமன்று; அவர்தம் தந்தை, மகன், தாய்மாமன், அத்தை மகன், பெரியன்னை சிற்றன்னையரின் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என உறவின் முறை ஒவ்வொன்றாக அடுக்கி விலக்கப்பட்டது. கணக்கை மறைத்தவர் தம் உறவினர் ஒருவரை முன்னிறுத்தி அதே இருக்கையை ஆளும் வழியை அச்சபையினர் நன்கறிந்திருக்க வேண்டும். அறியாதவர் இத்துணை நீண்ட பட்டியலை எழுதியிருக்க மாட்டார். பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டார்.

இவற்றைக் கடந்தவர்களின் பெயர்களே 30 குடும்புகளிலிருந்தும் ஓலைகளில் எழுதப்பட்டன. பெருங்கூட்டத்தின் நடுவே, முதியவர் ஒருவர் குடத்தை அனைவரும் காண உயர்த்துவார். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். நடுவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று உரக்கப் படிப்பார். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதே விரித்த கையின் பொருள். அவரை அடுத்துப் பிறரும் அதே ஓலையைப் படிப்பர். இவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். குற்றம் புரிந்தவர் இடையிலேயே நீக்கப்பட்டார்.

919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது மாற்றப்பட்டது, விலக்குகளும் விரிந்தன. கல்லில் வெட்டிய விதியையும் திருத்தலாம் என்னும் துணிவு அச்சபைக்கு இருந்தது.

இம்முறையைப் போற்றுவோர் அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்ற உழவரும் பெண்களும் அவ்வூரில் வாழ்ந்த பிற குலத்தவரும் குடத்தின் அருகே வர இயலவில்லை. அதனை மக்களாட்சி எனல் மிகைக்கூற்று. எனினும், தெரிவுசெய்யும் அளவுகோலை முன்னரே எழுதிவைப்பது, அதை ஊரறியக் கையாள்வது என்னும் இரண்டும் இன்றைக்கும் கொள்ளத்தக்கன.

தெரிந்து தெளிவோம்

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக ஆண்டுள்ளார். போர்க்களத்தில் வீழ்ந்தோரின் குடலைக் கழுகு ஈர்த்தெடுக்கும் காட்சி, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலையை வெளியே எடுப்போரின் செயலுக்கு ஒப்பிடப்படுகிறது.

ஆராய்தலும் நம்புதலும்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஒருவரை ஆராய்ந்து நம்புதல் முதலாவது. நம்பியவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் அடுத்தது. குறையே இல்லாதவரைத் தேட வேண்டும் என வள்ளுவர் கூறவில்லை. குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து மிகுந்ததைக் கொள்ளச் சொல்கிறார். ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் ஐயுறுவதையும் ஒரே தன்மையுடைய தீங்குகளாகக் காண்கிறார். அரசன் அமைச்சரைத் தேர்தலுக்குச் சொன்னவை இவை. இன்று அரசன் இடத்தில் வாக்காளர் நிற்கின்றனர்.

கடல் கடந்த ஊர்களில்

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரைப் பெரும்புயல் தாக்கியது. 6000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரை மீட்டெழுப்ப 1901இல் ஐவர் கொண்ட நகர ஆணையம் அமைந்தது. ஆணையர் ஒவ்வொருவரும் ஒரு துறைக்குப் பொறுப்பேற்றனர். தொடக்கத்தில் அவர்களுள் சிலர் ஆளுநரால் அமர்த்தப்பட்டவர்கள். மக்கள் தேர்ந்தெடுக்காதவர் மக்களை ஆள்வது முறையா என்னும் வழக்கு எழுந்தது. பின்னர் ஐந்து இருக்கைகளும் தேர்தலுக்கு உரியனவாயின. இவ்வமைப்பை அமெரிக்க நகரங்கள் பல பின்பற்றின.

பதவிக்காலத்தின் இடையில் ஓர் ஆணையர் இறந்தாலோ விலகினாலோ, அங்குள்ள பல நகரங்களில் உடனே தேர்தல் வைப்பதில்லை. எஞ்சிய உறுப்பினர்கள் விண்ணப்பங்களை வரவேற்கின்றனர். விண்ணப்பித்தோரைப் பொதுக்கூட்டத்தில் வினவுகின்றனர். பின்னர் வாக்கெடுத்து ஒருவரை அமர்த்துகின்றனர். நகரத்தார் அவையில் அமர்ந்து கேட்கலாம். அலுவலகப் பணிக்கான நேர்காணலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தோன்றுகிறது. பணிக்கு ஆள் எடுப்பவர் தம் தேவைக்கு எடுக்கிறார். அறைக்கதவு மூடியிருந்தால் குறையில்லை. ஊர்மன்ற இருக்கையோ கேள்வி கேட்பவரின் உடைமை அன்று. ஆதலால் எல்லாரிடமும் ஒரே வினாக்களைக் கேட்பதும் விடையை ஊரார் கேட்கும்படி செய்வதும் கட்டாயமாகின்றன.

இம்முறை விரைவானது, செலவும் குறைவு. ஆயினும் இருப்பவர்கள் தமக்கு இசைந்தவரையே சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு இதில் மிகுதி. இங்கிலாந்தின் சிற்றூர் மன்றங்களில் இதற்கு எளியதொரு தடை உள்ளது. இருக்கை காலியான செய்தியை அறிவித்தபின், விடுமுறை நாள் நீங்கலாக 14 நாளுக்குள் வாக்காளர் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். எவரும் கேட்காவிடில் மன்றமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். பத்துக் கையொப்பத்தில் மக்களின் உரிமை காக்கப்படுகிறது.

இந்தியாவில் வினவுவோர் யார்?

இந்திய உள்ளாட்சிகளில் நேரடித் தேர்தலுக்குரிய இருக்கை இடையில் காலியானால் இடைத்தேர்தலே வழி. வென்றவர் எஞ்சிய காலத்துக்கு மட்டும் பதவி வகிப்பார். நகராட்சி நிருவாகத்தில் சிறப்பறிவு உடையோரை நியமிக்க அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவு இடமளிக்கிறது; ஆனால், அவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2025இல் நிறைவேறிய சட்டத்திருத்தங்கள் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களுக்கு நியமிக்க வழிசெய்தன. அதற்கு விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

எனவே இந்நாட்டில் பெரும்பாலும் வாக்காளரே நேர்காண்பவர். அவருக்கு நீதிமன்றம் ஒரு வினாத்தாளைத் தந்துள்ளது. வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கடனையும் கல்வியையும் உறுதிமொழி ஆவணத்தில் வெளியிட வேண்டும் என உச்சநீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளில் நிலைநாட்டியது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு உரிய இவ்விதியை மாநிலத் தேர்தல் ஆணையங்கள் பல உள்ளாட்சிக்கும் விரித்துள்ளன. தேர்தல் செலவுக் கணக்கைத் தக்க காரணமின்றித் தாக்கல் செய்யாதவரை மூன்றாண்டுகள் தகுதியிழக்கச் செய்யும் விதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்திரமேரூரார் இதைக் கண்டால் வியப்படையார். உறவினர் பட்டியல் எங்கே என்று வேண்டுமானால் கேட்பர்.

வில்லியனூரின் காலி இருக்கைகள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் பஞ்சாயத்துகள். 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2011இல் முடிவுற்றது. அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமையவில்லை. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இடஒதுக்கீட்டையும் அதைச் சார்ந்த வழக்குகளையும் ஒட்டி நின்றுபோயிற்று. பதவிக்காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என அரசமைப்பின் 243இ பிரிவு கூறுகிறது.

அலுவலகம் இயங்குகிறது. பிறப்பு இறப்புப் பதிவும் குப்பை அகற்றலும் நடக்கின்றன. கொம்யூனுக்கு ஆணையர் ஒருவர் உண்டு. கால்வெஸ்டனின் ஆணையர் வேறு, இவர் வேறு. இவர் அரசு அமர்த்தும் அலுவலர். அவர் திறமையாகவே பணிபுரியலாம். அவர் கணக்குக் காட்ட வேண்டிய இடம் மேலலுவலகம், தெருவன்று. தெருவுக்கு விடை சொல்ல வேண்டியவரின் இருக்கைதான் காலியாக இருக்கிறது. வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்க ஒருவர் இல்லாதபோது, அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் கேட்கப்படாமல் தங்கிவிடுகின்றன.

அக்கேள்விகள் எவையாக இருக்கும்? சங்கராபரணி ஆற்றிலிருந்து ஊசுடு ஏரிக்கு நீர் கொணரும் சுத்துக்கேணி வாய்க்கால் ஏறிச் செல்லும் வழி வேட்பாளருக்குத் தெரியுமா? பாகூரில் நிற்பவராயின், தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் ஓரமாக அவர் ஒருமுறையேனும் நடந்திருக்கிறாரா? ஊசுடு ஏரி தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் பரவியிருப்பதால், அப்பக்கத்து ஊர்களோடு எவ்வாறு பேசுவார்? கழிவுநீர் எந்த வாய்க்காலில் விடப்படுகிறது, தடுக்க வேண்டியவர் யார்? அவருடைய உறவினர் யாரேனும் கொம்யூனின் ஒப்பந்தப் பணிகளை எடுத்துள்ளனரா? ஆண்டு முடிவில் வரவுசெலவை எந்தச் சுவரில் எழுதி ஒட்டுவார்?

இவற்றுள் பல உத்திரமேரூரின் ஏரி வாரியத்தாரிடமும் கேட்டிருக்கத்தக்கன. பட்டறிவு இல்லாதவர் வாய்ப்பேச்சால் மறைக்க இயலாத கேள்விகள் இவை. ஏரியைப் பற்றிய கேள்விக்கு ஏரிக்குச் சென்றவரே விடை கூற முடியும்.

வாக்களிக்கும் வயது 18. உள்ளாட்சியில் போட்டியிட 21. மன்றங்கள் கலைந்த 2011இல் வில்லியனூரில் பிறந்த ஒருவர் 2029இல் வினவும் உரிமையைப் பெறுவார். 2032இல் வினவப்படும் இடத்தில் நிற்கவும் அவருக்கு வயது வந்துவிடும்.