கலயம் கழுவும் வரிசை

பெருந்துறைப் பக்கத்துத் தோப்புகளில் தென்னம்பாளையிலிருந்து சொட்டுவது புளிக்காத நீராவாக நிற்பதும் கள்ளாகப் புளிப்பதும் பெரும்பாலும் கட்டிய கலயத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. நீராவுக்கு உரிமம் உண்டு. ஆக, கலயத்தின் சுத்தத்தில் சட்டமும் அடங்கியிருக்கிறது! கள் இறக்குபவருக்குப் பழைய வண்டலில் ஒட்டிய ஈஸ்ட்தான் உறைமோர். நீராவுக்கு அதே வண்டல் எமன்.

வெந்நீர் ஊற்றி அலசினால் போதாதா என்பார்கள். போதாது. காய்ந்து படிந்த அழுக்குக்கு அடியில் நுண்ணுயிர்கள் பத்திரமாக இருக்கும். மேலே குளோரின் கரைசல் ஊற்றினாலும் அது அழுக்கோடு வினைபுரிந்தே வீரியம் இழக்கும். தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநீக்கம். கொதித்து ஆறிய மால்ட் சாற்றைத் தொடும் குழாய், வாளி எல்லாவற்றுக்கும் பீர் வடிப்பவர்கள் கடைப்பிடிப்பதும் இதே வரிசைதான். பிளாஸ்டிக் என்றால் கம்பி நார் ஆகாது. கீறல் விழுந்தால் அதுவே கிருமிக்குக் குடியிருப்பு. 'பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அது போதாதா?' என்ற கேள்வி நியாயமானது. சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை அடக்கும், உண்மை. ஆனால் கழுவாத கலயத்தில் பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். கூடுதலாகத் தடவினால் ருசி கெடும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நீரா இறக்க உருவாக்கிய பனிக்கட்டிப் பெட்டிக்குச் சுண்ணாம்பே வேண்டாம். ஆனால் குளிர் ஈஸ்ட்டைத் தூங்கத்தான் வைக்கும், கொல்லாது. அந்தப் பெட்டியையும் தினமும் தேய்த்தே ஆக வேண்டும்.