ஸ்கேன் சொல்லாததைக் கை சொன்னது

என் மகன் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டியிருந்தது. “பிழைத்துக்கொள்வானா, டாக்டர்?” என்று கேட்டேன். “மூளை நன்றாக இருக்கிறதா?” என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாக வளர்ந்து மடிப்புகள் பெருகுகின்றன. என் பிள்ளைக்கு அந்த வளர்ச்சி இன்குபேட்டருக்குள் நடக்க வேண்டியிருந்தது. இத்தகைய குழந்தைகளின் மூளையிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் எளிதில் கசியும். பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களில். அதனால் உச்சிக்குழியின் மேல் கருவியை வைத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. எலும்பு மூடாத அந்த இடம்தான் மூளையைப் பார்க்கும் ஜன்னல்.

கசிவை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்களாம். என் மகனுக்கு இருந்தது முதல் நிலை, மிகச் சிறியது. சில பாதிப்புகள் வாரக்கணக்கில் தாமதித்தே தெரியும் என்பதால் பிறகும் ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு மறைந்திருந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

ஆறாவது மாதத்தில் மாமியாருக்குக் கவலை வந்தது. “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே வயசுதானேம்மா, அது குப்புற விழுந்திடுச்சே!” தாதி சொல்லிக்கொடுத்த கணக்கை அவரிடம் விளக்கினேன். 40 வாரத்தில் 28 போனால் 12. அந்த மூன்று மாதத்தைக் கழித்தால் இவனுக்கு வயது மூன்று மாதம்தான். இதைத் ‘திருத்திய வயது’ என்கிறார்கள். இரண்டு வயது வரை வளர்ச்சியை இப்படித்தான் கணக்கிட வேண்டும்.

அந்த வாரம் மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் இருந்தது. “ஸ்கேன்தான் நல்லா இருக்கே, எதுக்கு லீவு போட்டுட்டுப் போகணும்?” என்றார் கணவர். எனக்கும் பாதி மனம் அப்படித்தான். ஆனாலும் போனோம்.

டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்தார். தொடவில்லை, கிலுகிலுப்பை காட்டவில்லை. சில நிமிடங்கள் வீடியோ எடுத்தார், அவ்வளவுதான். ஆஸ்திரியாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்ட்ல் என்ற மருத்துவர் உருவாக்கிய முறையாம் இது. திருத்திய வயது மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் கழுத்து, உடல், கைகால் எல்லாம் எல்லாப் பக்கமும் ஓயாமல் சின்னச் சின்னதாக அசைய வேண்டும். அந்த அசைவு அறவே இல்லையென்றால் பெருமூளை வாதம் வரக்கூடும் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

மகனிடம் அசைவு இருந்தது. ஆனால் இடது கையில் குறைவு. விரல்களும் பெரும்பாலும் மூடியே இருந்தன. நான் தினமும் குளிப்பாட்டிய கைதான் அது. கவனிக்கவே இல்லை!

“ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும், அம்மா. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் குழந்தைதான் காட்டும்,” என்றார் டாக்டர். அடுத்த வாரமே பிசியோதெரபி தொடங்கியது. இடது கையில் பொருளைக் கொடுத்து விளையாட வைக்க வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டோம், மாமியார் உட்பட.

இப்போது அவனுக்குத் திருத்திய வயது இரண்டு. பேச்சு, அறிவு, அசைவு எல்லாவற்றையும் விளையாட்டாகவே சோதித்தார்கள். இடது கை இன்னும் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் இரு கைகளாலும் குவளையைப் பிடித்து மைலோ குடிக்கிறான்.

குறைமாதப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை நன்றாகச் சிரிக்கிறானே என்று அப்பாயின்ட்மென்டைத் தவறவிடாதீர்கள்.