விற்ற பணம் கையில் பட்டால் வரி!

"வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்கப்போகிறேன் உம்மா. அந்தக் காசில் கொழும்பில் ஒரு வீடு வாங்குவோம்."

அமெரிக்காவில் வாழும் மகளிடமிருந்து இப்படியொரு தொலைபேசி அழைப்பு வந்தால் எந்தத் தாய்தான் மகிழமாட்டாள்? ஆனால், மகள் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அறிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் முதலீட்டுக்காக வைத்திருந்த வீட்டையோ காணியையோ விற்று இலாபம் கண்டவர் மூலதன ஆதாய வரி செலுத்தவேண்டும். அந்த வரியைப் பிற்போடுவதற்கும் அந்நாட்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கின்றது. ஆனால் அந்த வழி மிகவும் ஒடுக்கமானது.

வரி எவ்வளவு?

ஓர் உதாரணம் பார்ப்போம். மகள் பத்து வருடங்களுக்கு முன் இரண்டு இலட்சம் டொலருக்கு வீடு வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நிலத்தின் பெறுமதி 35,000. கட்டடத்தின் பெறுமதி 165,000. வாடகை வீட்டுக் கட்டடத்தின் விலையை இருபத்தேழரை வருடங்களுக்குப் பங்கிட்டு, வருடாவருடம் பெறுமானத் தேய்வாகக் கழித்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. அதன்படி வருடத்துக்கு 6,000 வீதம் பத்து வருடங்களில் 60,000 டொலர் கழிந்துவிட்டது. எனவே வரிக் கணக்கில் வீட்டின் அடக்கவிலை 140,000 மட்டுமே.

இப்போது ஐந்து இலட்சத்துக்கு விற்றால் ஆதாயம் 360,000 டொலர். இதில் தேய்வாகக் கழித்த 60,000க்கு நூற்றுக்கு 25 வீதம் வரையும், மிகுதி மூன்று இலட்சத்துக்குப் பெரும்பாலும் 15 வீதமும் வரி விழும். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 60,000 டொலர்! வருமானம் கூடியவர்களுக்கு மேலும் 3.8 வீதமும், பல மாநிலங்களில் மாநில வரியும் இதனுடன் சேரும்.

1031 ஆம் பிரிவு

ஒரு காணியைக் கொடுத்து இன்னொரு காணியை மாற்றிக்கொள்பவரின் கையில் வரி கட்டப் பணம் வருவதில்லை. இந்த நியாயத்தை ஏற்று 1921 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா இதற்குச் சட்டம் செய்தது. இன்று அது உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 1031 ஆம் பிரிவாகும். 2018 முதல் அசையா ஆதனங்களுக்கு மட்டுமே இச்சலுகை உண்டு. வாடகை வீட்டைக் கொடுத்து வெறுங்காணியோ கடையோ வாங்கினாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டும் தொழிலுக்கோ முதலீட்டுக்கோ உரியனவாக இருத்தல் அவசியம்.

முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கினால் அது மாற்றீடாகுமா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. ஒரிகன் மாநிலத்தில் மரக்காடுகளை 1967 இல் கைமாற்றிய ஸ்டார்க்கர் என்பவரின் வழக்கில், ஆகும் என்று 1979 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1984 இல் கொங்கிரஸ் அதற்குக் காலவரையறை விதித்தது.

45 நாள், 180 நாள்

விற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள், வாங்க விரும்பும் ஆதனத்தை எழுத்தில் குறித்துக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். பொதுவாக மூன்று ஆதனங்கள் வரை குறிக்கலாம். 180 நாட்களுக்குள், அல்லது அந்த வருட வரி அறிக்கையின் இறுதித் திகதிக்குள், எது முந்தியதோ அதற்குள் வாங்கி முடிக்கவேண்டும். கடைசி நாள் விடுமுறையென்றாலும் தவணை நீளாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விற்ற பணத்தை விற்றவர் தொடக்கூடாது. ஒரு நாள் தன் வங்கிக் கணக்கில் போட்டுவைத்தாலும் சலுகை போய்விடும். தகுதிபெற்ற இடைநிலையாளர் ஒருவரே பணத்தை வைத்திருந்து புதிய ஆதனத்துக்குச் செலுத்தவேண்டும். அந்த இடைநிலையாளர் குடும்பத்தவராகவோ, கடந்த இரண்டு வருடங்களில் அவருக்குப் பணியாற்றிய சட்டத்தரணியாகவோ கணக்காளராகவோ இருத்தலாகாது. விற்பனை முடிவதற்கு முன்னரே அவரை நியமிக்கவேண்டும். ஆளைப் பார்த்துத் தெரிவுசெய்வதும் அவசியம். 2008 இல் இத்தகைய பெரிய நிறுவனமொன்று வங்குரோத்தானபோது அதனிடம் பணம் கொடுத்திருந்தவர்கள் பெரிதும் அல்லலுற்றனர்.

பெண்கள் கவனிக்க

வரிக் கணக்கில் விற்றவர் எவரோ, வாங்குபவரும் அவரே. கணவன் பெயரில் மட்டும் இருந்த வீட்டை விற்று மனைவி பெயரில் மட்டும் புது உறுதி முடித்தால் சலுகை கைநழுவக்கூடும். எனவே பெயர் பற்றிய பேச்சை விற்பதற்கு வெகு முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்து இலட்சத்துக்கு விற்று நாலரை இலட்சத்துக்கு வாங்கி, மிகுதி ஐம்பதாயிரத்தைக் கையில் எடுத்தால் அந்த ஐம்பதாயிரத்துக்கு வரியுண்டு. பழைய வீட்டு ஈட்டுக் கடனைவிடப் புதிய கடன் குறைந்து, அக்குறையைத் தன் பணத்தால் நிரப்பாவிட்டாலும் அவ்வாறே.

தாம் வசிக்கும் வீட்டுக்கு இப்பிரிவு பொருந்தாது. அதற்கு வேறு சலுகை உண்டு. விற்பதற்கு முந்திய ஐந்து வருடங்களில் இரண்டு வருடமாவது சொந்தமாக வைத்து வசித்திருந்தால், தனியொருவருக்கு 250,000 டொலர் வரையும், கூட்டாக அறிக்கை கொடுக்கும் தம்பதியருக்கு 500,000 வரையும் ஆதாயத்துக்கு வரியில்லை.

தள்ளிப்போடல் வேறு, தள்ளுபடி வேறு

ஐந்து இலட்சத்துக்குப் புதிய வீடு வாங்கினாலும் வரிக் கணக்கில் அதன் அடக்கவிலை அதே 140,000 தான். பின்னர் அதை ஆறு இலட்சத்துக்கு விற்றால் 460,000க்கு வரி கேட்கப்படும். பழைய கடன் புதிய வீட்டுக்குள் குடியிருக்கின்றது எனலாம். உரிமையாளர் விற்காமலே மரணித்தால் மட்டும், வாரிசுகளுக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாகக் கொள்ளப்படும்.

இனிக் கொழும்பு வீட்டுக்கு வருவோம். அமெரிக்காவிலுள்ள ஆதனமும் வெளிநாட்டிலுள்ள ஆதனமும் ஒரே இனமல்ல என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. அங்கே விற்று இங்கே வாங்கினால் வரியைப் பிற்போட முடியாது. இங்கே வாங்கக்கூடாதென்பதல்ல. வரியை ஒதுக்கிவைத்த பின் எஞ்சும் தொகையைக் கொண்டே வீட்டின் விலையைப் பேசவேண்டும். ஐந்து இலட்சத்தையும் நம்பி இங்கே முற்பணம் கொடுத்துவிட்டால், வரி கட்டும் நாளில் கையைப் பிசைய நேரிடும்.

ஆகவே அடுத்த முறை மகள் தொலைபேசியில் பேசும்போது, வீட்டில் எத்தனை அறை என்று விசாரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "கையெழுத்து வைக்க முந்திக் கணக்காளரிடம் பேசினாயா மகள்?"