ஒரே ஒரு நிமிடம்!

"வெட்டிப் பேச்சு, வீண் சிரிப்பு, வேலையற்றோர் விளையாட்டு!" என்று முகம் சுளிக்கும் மேதாவிகளுக்கு ஒரு சேதி. இங்கிலாந்து நாட்டு வானொலியிலே 1967 டிசம்பரில் தொடங்கிய ஒரு வெட்டிப் பேச்சு, அரை நூற்றாண்டு கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர், 'ஜஸ்ட் எ மினிட்'.

நால்வர் அமர்வர். தலைவர் ஒரு தலைப்புத் தருவார். அறுபது விநாடி பேசவேண்டும். தயங்கக்கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக்கூடாது, பொருளைவிட்டு விலகக்கூடாது. தடுக்கினால் அடுத்தவர் பொத்தானை அழுத்தி மறிப்பார். எஞ்சிய விநாடிகள் அவருக்கு! பரிசு? பொற்கிழியுமில்லை, பொன்னாடையுமில்லை.

இதைப் படைத்தவர் இயன் மெசிட்டர். வகுப்பிலே கனவு கண்டுகொண்டிருந்த அவரை ஆசிரியர் எழுப்பி, "நான் சொன்னதைத் தயங்காமல் ஒரு நிமிடம் சொல், பார்ப்போம்" என்று மடக்கினாராம். அந்தத் தண்டனையையே விளையாட்டாக்கி ஒரு நாட்டைச் சிரிக்கவைத்துவிட்டார், பலே!

மேடையேறிப் பிழைக்கும் என்னை அங்கே நிறுத்தினால்? 'தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே' என்று தொடங்குவேன். இரண்டாவது 'அவர்களே'யிலே மணி அடித்துவிடும்! அடுக்கிப் பேசியே வளர்ந்த நாக்கல்லவா!

ஆனால் என்னை ஈர்த்தது சிரிப்பு மட்டுமல்ல. அங்கே அமர்ந்தவர்களைப் பாருங்கள். ஒருவர் கிளமெண்ட் பிராய்டு. உளநூல் மேதை சிக்மண்ட் பிராய்டின் பேரர். 1973 முதல் 1987 வரை பாராளுமன்ற உறுப்பினர். இன்னொருவர் கென்னத் வில்லியம்ஸ். லண்டன் நகர முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். பாராளுமன்றத்தாரின் பேச்சை முடிதிருத்துவோர் மகன் மறிக்கிறார். இவர் பேச்சை அவர் மறிக்கிறார். தலைவர் கேட்பது ஒன்றே: தவறு நேர்ந்ததா, இல்லையா? எந்தக் குலம், எந்தக் கல்லூரி என்றல்ல! முடிதிருத்துவோரை ஊர்ச் சபையிலே உட்காரவும் விடாதிருந்த நாட்டில் பிறந்தவன் நான். அந்த மணியோசை என் காதில் வேறாக ஒலிப்பதிலே வியப்பென்ன?

தலைவராக அரை நூற்றாண்டு வீற்றிருந்த நிக்கோலஸ் பார்சன்ஸ், 2020இல் மறைந்தார். அவருக்கே முதலில் அந்த நாற்காலியில் விருப்பமில்லை. போட்டியாளராகப் பேசத்தான் ஆசை. பாவம், வந்தவர் வசைக்கெல்லாம் இலக்கானார். தீர்ப்புத் தமக்கு எதிராகப் போனால் வில்லியம்ஸ் குதிப்பார். இந்த அவமானத்துக்காகவா கிரேட் போர்ட்லண்ட் தெருவிலிருந்து இத்தனை தொலைவு வந்தேன் என்று கூச்சலிடுவார். அவை அதிரும். அந்தத் தெரு இருப்பதும் லண்டனிலேதான்!